நீண்ட நாள் வீட்டைப் பூட்டிச் செல்லும்போது தண்ணீரை எந்த இடத்தில் நிறுத்துவது?

தாம்பரம்வாசகி

அனைவருக்கும் வணக்கம். மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு நானும் என் கணவரும் அக்டோபர் நடுவில் மெல்போர்ன் செல்கிறோம். மார்ச் மாதம்தான் திரும்புவோம். அதுவரை வீடு பூட்டியே இருக்கும். வீடு தாம்பரத்துக்கு அருகில், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட தனி வீடு. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கீழே உள்ள சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) சேர்கின்றன. அங்கிருந்து மோட்டார் வழியாக மொட்டை மாடியிலுள்ள 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது. தொட்டியில் மட்டம் குறைந்தால் மோட்டாரைத் தானே ஓடவிட்டு, நிறைந்ததும் தானே நிறுத்தும் கருவி ஒன்றையும் பொருத்தியிருக்கிறோம். தொட்டியின் அடியிலிருந்து நான்கு குழாய்கள் பிரிகின்றன. ஒன்று சமையலறைக்கும், இரண்டு குளியலறைகளுக்கும், மற்றொன்று மாடியிலேயே இருக்கும் சோலார் வெந்நீர்க் கலத்துக்கும் செல்கின்றன.

கரண்ட் மெயினை அணைத்துவிட்டுச் சென்றால் போதும் என்பது என் கணவரின் கருத்து. தொட்டியை முழுவதும் காலி செய்துவிட்டுப் போவதே நல்லது என்று என் தம்பி சொல்கிறார். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கட்டும், குழாய்களை மட்டும் இறுக்கி மூடினால் போதும் என்று எதிர்வீட்டு அம்மா சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேற்பார்வைப் பொறியாளர்

அம்மா, தானியங்கிக் கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் பெரிய அபாயம் அங்கேதான் இருக்கிறது.

ஆளில்லாத வீட்டில் ஒரு குழாயோ இணைப்போ விட்டுப்போனால், தொட்டியில் இருக்கும் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் இறங்கும். 1000 லிட்டர் தண்ணீர் 1000 சதுர அடித் தரையில் பரவினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்கும். மரக்கதவுகளின் அடிப்பாகம், பீரோ, கட்டில் எல்லாம் ஊறிப்போகும் அளவுக்கு அது கெடுதல்தான். ஆனாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. தானியங்கிக் கருவி இணைப்பில் இருந்தால் அந்த எல்லை போய்விடுகிறது. தொட்டியில் மட்டம் குறைந்ததை மட்டுமே அந்தக் கருவி அறியும். தண்ணீர் குளித்ததால் குறைந்ததா, ஒழுகியதால் குறைந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே சம்ப்பில் உள்ளதையெல்லாம் மேலேற்றிக்கொண்டே இருக்கும். போர்வெல் மோட்டாரும் தானாக ஓடும் வகையில் இருந்தால், நிலத்தடி நீரும் அதே வழியில் வீட்டுக்குள் வந்து சேரும். சம்ப் வற்றிய பிறகும் மோட்டார் நிற்காவிட்டால், தண்ணீரில்லாமல் ஓடி அதன் சீல் கருகிவிடும்.

உங்கள் வீட்டில் தண்ணீரைத் தடுக்கக்கூடிய இடங்கள் மூன்று உள்ளன. தெருக்குழாய் சம்ப்புக்குள் நுழையும் இடம், சம்ப்பிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் மோட்டார், தொட்டியின் அடியிலிருந்து குழாய்கள் பிரியும் இடம் ஆகியவையே அவை. மூன்றையும் நிறுத்த வேண்டும். இவற்றுள் ஒன்றைத்தான் நிறுத்த முடியும் என்ற நிலை வந்தால், தொட்டியின் அடியிலுள்ள வால்வுகளைத் தேர்ந்தெடுப்பேன். வீட்டுக்குள் தண்ணீர் நுழைவது அந்த வழியாக மட்டும்தான்.

மெயினை அணைப்பதால் மோட்டார் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் தொட்டியில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் 1000 லிட்டரை மின்சாரம் தடுக்காது. தண்ணீர் தன் எடையால் இறங்குகிறது. பத்து மீட்டர் உயர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தரைத்தளக் குழாய்களில் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும் என்றாலும், ஓர் அரை அங்குலக் குழாய் முழுவதும் விட்டுப்போனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொட்டி காலியாவதற்கு அது போதும். ஆகவே மின்பெட்டியில் மோட்டாருக்குரிய எம்.சி.பி. சுவிட்சைத் தனியாக இறக்கிவிட்டு, அதன் மேல் ஒரு ஒட்டுத்தாளும் ஒட்டிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வருபவர் வேறு எதற்கோ பெட்டியைத் திறந்து, பழக்கத்தில் அதையும் சேர்த்து மேலேற்றிவிடும் வாய்ப்பு உண்டு.

தாம்பரம்வாசகி

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. ஒரு சந்தேகம். குளியலறைகளிலும் சமையலறையிலும் சுவரில் தனித்தனி ஆங்கிள் காக் (சுவரோடு பொருத்திய சிறு அடைப்பான்) இருக்கின்றன. மாடிக்கு ஏறாமல் அவற்றை மட்டும் மூடினால் ஆகாதா? என் கணவருக்கு முழங்கால் வலி இருப்பதால் இரும்பு ஏணியில் ஏறுவது கடினம்.

மேற்பார்வைப் பொறியாளர்

ஆங்கிள் காக்கை மூடினால் அதற்குப் பிறகு வரும் ஹோஸ், ஃப்ளஷ் டேங்க், குழாய் ஆகியவை மட்டுமே பாதுகாக்கப்படும். தொட்டிக்கும் ஆங்கிள் காக்குக்கும் நடுவே சுவருக்குள் மறைந்து செல்லும் குழாயும் அதன் முழங்கை இணைப்புகளும் அழுத்தத்திலேயே இருக்கும். வீடு பழையதாக இருந்து, உள்ளே ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்குமானால், துருப்பிடித்த மரையில்தான் முதலில் கசிவு தொடங்கும். சுவருக்குள் தொடங்கும் கசிவு வெளியே தெரிய வாரக் கணக்கில் ஆகும். ஆளில்லாத வீட்டில் யாருக்குமே தெரியாது. எனவே ஆங்கிள் காக்குகளையும் மூடுங்கள், மாடி வால்வுகளையும் மூடுங்கள். ஏணியில் ஏற ஒரு பிளம்பரை வரவழையுங்கள். புறப்படும் நாளன்று வேண்டாம், இப்போதே வரவழையுங்கள்.

இப்போதே என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடாத பித்தளை கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். வலிந்து திருப்பினால் தண்டு முறியும், அல்லது தண்டைச் சுற்றிக் கசியத் தொடங்கும். வெயிலில் கிடந்த பி.வி.சி. பால் வால்வின் கைப்பிடி உளுத்துப்போய், திருப்பும்போது கையோடு வந்துவிடும். விடியற்காலை விமானத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வால்வு பாதி மூடிய நிலையில் உடைந்துபோனால் எந்தப் பிளம்பரும் கிடைக்க மாட்டார்.

வேளச்சேரி மூன்றாம் தளம்

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். மேலே சொன்னதை அங்கே அப்படியே செய்ய முடியாது.

பழைய அடுக்குமாடிகளில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயும் ஒரு வரிசையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. மூன்றாம் தளத்துச் சமையலறைக்கு வரும் குழாயே இரண்டாம் தளத்துக்கும் முதல் தளத்துக்கும் செல்கிறது. மாடியில் வால்வை மூடினால் கீழே இருப்பவர்களுக்கும் தண்ணீர் நின்றுவிடும். உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய வால்வு குளியலறைச் சுவரில், தலைக்கு மேலே, பிடி மட்டும் வெளியே தெரியும்படி பதிக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் குழாய்கள் இறங்கும் வெளிப்புற ஷாஃப்டில் இருக்கும். இரண்டு குளியலறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டுக்கு மூன்று வால்வுகள் இருப்பது இயல்பு. ஒன்றை மூடியவுடன் எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். ஷாஃப்டில் சிவப்பு நிறம் பூசிய குழாய் இருந்தால் அது தீயணைப்புக்கானது. எக்காரணம் கொண்டும் அதன் வால்வைத் தொடக் கூடாது.

எங்கள் கட்டடத்தில் ஆளில்லாத ஒரு வீட்டில் கழிப்பறை ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ் வெடித்துவிட்டது. கீழ்வீட்டுக்காரரின் படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. சாவி வைத்திருந்த உறவினர் வேறு ஊரில் இருந்தார். கடைசியில் அந்த வரிசைக்கான பொது வால்வை மூடி, எல்லா வீட்டாரும் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். ஹெல்த் ஃபாசெட்டைப் பொறுத்தவரை பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. கையில் அழுத்தும் விசை நுனியில் இருப்பதால், ஹோஸ் முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வாஷிங் மெஷினுக்குச் செல்லும் ஹோஸும், ஆர்.ஓ. கருவிக்குச் செல்லும் மெல்லிய வெள்ளைக் குழாயும் இதே நிலைதான். இந்த மூன்றின் அடைப்பான்களையும் ஒரு நாள் வெளியூர் போனாலும் மூடிவிட்டே செல்லுங்கள்.

இன்னொன்று. எங்கள் பகுதியில் மாடித் தொட்டியிலிருந்து நேரம் வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, வரவில்லையே என்று அப்படியே விட்டுச் சென்றவர்களின் வீடுகளில்தான் வெள்ளம் வந்திருக்கிறது. புறப்படும் முன் குழாய்களைச் சோதிப்பதாக இருந்தால், தண்ணீர் ஓடும் நேரத்தில் சோதிக்க வேண்டும்.

கோவைக்கதிர்

தாம்பரத்து அம்மையார் சோலார் வெந்நீர்க் கலம் இருப்பதாக எழுதியிருக்கிறார். அதைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். கோவையில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் இது இருக்கிறது.

நான்கு வால்வுகளையும் மூடச் சொன்னால் பிளம்பர் சோலாருக்குப் போகும் குளிர்நீர் வால்வையும் சேர்த்து மூடிவிடுவார். அது தவறு. கீசரை சுவிட்சில் அணைக்கலாம், சூரியனை அணைக்க முடியாது. குளிர்நீர் வரத்து நின்ற கலத்தில் தண்ணீர் நாள்தோறும் கொதித்து, காற்றுக்குழாய் வழியாக ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். மாதக்கணக்கில் அப்படி விட்டால் கலம் வற்றி, கண்ணாடிக் குழல்கள் வெறுமையாகக் காயும். திரும்பி வந்த நாளன்று நண்பகலில் அந்தக் குழல்களுக்குள் குளிர்ந்த நீரை விட்டால் அவை விரிசல் விடும்.

ஆகவே சோலாருக்குச் செல்லும் குளிர்நீர் வால்வைத் திறந்தே வையுங்கள். கலத்திலிருந்து வீட்டுக்குள் இறங்கும் வெந்நீர் வால்வை மட்டும் மூடுங்கள். குழல்களின் மேல் கெட்டித் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டிவிட்டால் தண்ணீர் சூடாவதே பெருமளவு நின்றுவிடும். காற்றுக்குழாயின் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

தாம்பரம்வாசகி

கோவைக்கதிர் அவர்களுக்கு நன்றி. இதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் சோலார் வரத்தைத் திறந்து வைக்க வேண்டுமென்றால் தொட்டியில் தண்ணீர் இருந்தாக வேண்டும் அல்லவா? அப்படியானால் தம்பி சொன்னபடி தொட்டியைக் காலி செய்ய முடியாது.

கடலூர் கடற்கரை

காலி செய்யவே கூடாது அம்மா. நீங்கள் வீட்டில் இல்லாத மாதங்களைக் கவனியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதோடு புயல் காலம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் எங்கள் ஊரைக் கடந்தபோதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோதும் மொட்டை மாடிகளில் எது நின்றது, எது பறந்தது என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். 1000 லிட்டர் தண்ணீருடன் இருக்கும் தொட்டி ஒரு டன் எடை. காலித் தொட்டியோ இரண்டு பேர் தூக்கி நகர்த்தக்கூடிய எடை. காற்று அதை உருட்டினால், அடியில் இணைந்திருக்கும் குழாய்களையும் முறித்துக்கொண்டு அடுத்த வீட்டு மாடியில் போய் விழும். தொட்டியை நிரப்பி, மூடியைத் திருகி இறுக்கிவிட்டுச் செல்வதே பாதுகாப்பு. வெயிலில் இற்றுப்போன மூடி இருந்தால் மாற்றிவிடுங்கள். கோவைக்கதிர் ஐயா சொன்ன தார்ப்பாயையும் கயிற்றால் மட்டும் கட்டாமல் கம்பியால் சட்டத்தோடு பிணைத்துவிடுங்கள்.

சம்ப்புக்கும் இது பொருந்தும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறும்போது, வெறுமையாக இருக்கும் நிலத்தடித் தொட்டியை அது கீழிருந்து மேலே தள்ளும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்திருப்பவர்களுக்கு அது மண்ணைப் பிளந்து எழுந்துவிடும் அபாயமே உண்டு. கட்டிய சம்ப்பாக இருந்தால் அடித்தளத்தில் விரிசல் விழலாம்.

முடிச்சூர் அயலார்

கடலூர் நண்பர் சொன்னதை நான் வழிமொழிகிறேன். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வந்தபோது, தரை மட்டத்தில் மூடியுள்ள சம்ப்புகள் அனைத்திலும் தெருத் தண்ணீரும் கழிவுநீரும் கலந்துவிட்டன. உங்கள் சம்ப்பின் மூடி தரைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரையோடு தரையாக இருந்தால் சுற்றிலும் செங்கல் வைத்து உயர்த்திக் கட்டுவது இப்போதே செய்யக்கூடிய வேலை. தானியங்கிக் கருவியை நிறுத்துவதற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளநீர் சம்ப்பில் புகுந்த பிறகு கருவி ஓடினால், அந்த அழுக்குத் தண்ணீரை மாடித் தொட்டிக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் ஏற்றிவிடும். கருவி நின்றிருந்தால் சம்ப்பை மட்டும் சுத்தம் செய்தால் போதும்.

தெருக்குழாய் சம்ப்புக்குள் வரும் இடத்தில் மிதவை வால்வு இருக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம். மிதவையின் கை துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால் தண்ணீர் விடும் நாளெல்லாம் சம்ப் நிரம்பி வழிந்து, சுற்றுச்சுவரின் அடியை அரிக்கும். அதற்கு முன்னால் உள்ள வால்வையும் மூடுங்கள்.

மாடித்தோட்டம் செல்வி

எங்களைப் போல் மாடியில் செடி வளர்ப்பவர்கள் என்ன செய்வது? பக்கத்து வீட்டு அக்கா நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றச் சம்மதித்திருக்கிறார். வால்வுகளையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டால் அவருக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கும்?

மேற்பார்வைப் பொறியாளர்

சகோதரி, தொட்டியின் அடியில் குழாய்கள் பிரியும் இடத்தில், வால்வுகளுக்கு முன்பாகவே ஒரு டீ (T வடிவ) இணைப்பு வைத்து, மாடியிலேயே தனிக் குழாய் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான். அந்தக் குழாய் ஒழுகினாலும் மாடித் தளத்தில் விழுந்து மழைநீர்க் குழாய் வழியாக வெளியேறும். தொட்டி குறைந்தால் அந்த அக்கா மோட்டாரைக் கையால் போட்டு, அருகிலேயே நின்று நிறைந்ததும் அணைக்கட்டும். தானியங்கி நிலைக்கு மாற்ற வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கார்பரோ தமிழன்

இந்த இழையைக் கனடாவிலிருந்து படிக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் குடும்பத்தோடு செல்லும் எங்கள் ஆட்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் காரணம் வேறு. இங்கே மாடித் தொட்டி கிடையாது. நகரக் குழாயின் அழுத்தம் எந்நேரமும் வீட்டுக்குள் இருக்கிறது. விட்டுப்போனால் யாராவது வந்து மூடும் வரை ஓடும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகை வரை குளிர் இறங்கும் இரவில் வெப்பமூட்டும் உலை நின்றுவிட்டால், குழாயில் நிற்கும் நீர் உறைகிறது. உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால் குழாய் பிளக்கிறது. ஆனால் பிளந்தது அப்போது தெரியாது. பனி உருகித் தண்ணீர் ஓடத் தொடங்கும்போதுதான் நிலவறை நிறைகிறது.

ஆகவே இங்கே வால்வை மூடுவது மட்டும் போதாது. நிலவறையில் நீர்மானிக்கு அருகே உள்ள முதன்மை வால்வை மூடி, மேல்தளக் குழாயையும் கீழ்த்தளக் குழாயையும் திறந்து, குழாய்களில் நிற்கும் நீரை வடிக்க வேண்டும். சுடுநீரால் அறைகளைச் சூடாக்கும் கொதிகலன் உள்ள வீடுகளில் அந்தக் கொதிகலன் சுற்றை வடிக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் அதைப் பராமரிப்பவரைக் கேட்ட பிறகே எதையும் தொட வேண்டும். காப்புறுதி ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் வீட்டில் ஆளில்லாவிட்டால், ஒருவர் நாள்தோறும் வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. நாள் கணக்கு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதை நிறைவேற்றாதவருக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

சுகாதாரப் பணி ஓய்வு

தண்ணீரை நிறுத்துவது பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். நிறுத்திய பிறகு வீட்டுக்குள் நிற்கும் தண்ணீரைப் பற்றி நான் எழுதுகிறேன். நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட என் பணி வாழ்க்கை முழுவதும் நான் பார்த்தது அதைத்தான்.

குளியலறைத் தரையில் சல்லடைக்குக் கீழே உள்ள வளைவில் எப்போதும் சிறிதளவு தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயுவும் கரப்பான் பூச்சியும் உள்ளே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சில வாரங்களில் அது ஆவியாகிவிடும். மார்ச்சில் வந்து கதவைத் திறக்கும்போது வீடு முழுவதும் நாறுவதற்குக் காரணம் இதுவே. புறப்படும்போது ஒவ்வொரு சல்லடையிலும் ஒரு குவளை தண்ணீர் விட்டு, அதன்மேல் சிறிதளவு எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தாமதப்படுத்தும். பிறகு கெட்டியான பாலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் ஒரு கல்லை வையுங்கள். கழிப்பறைக் கோப்பையின் மூடியை இறக்கி, அதன் ஓரங்களையும் தாளால் ஒட்டிவிடுங்கள்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரிலேயே முட்டையிடும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். முட்டை உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிக்கும். எனவே மாடித் தொட்டியின் மூடி, சம்ப் மூடி, தொட்டியின் வழிவுக் குழாய் ஆகியவற்றில் கொசு நுழைய இடமில்லாமல் வலை கட்டுங்கள். மாடியில் கிடக்கும் வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுச் செல்லுங்கள். பூட்டிய வீட்டுக்குள் மருந்தடிக்க வரும் ஊழியர்கள் நுழைய முடியாது. அதனால் பாதிக்கப்படுவது அக்கம்பக்கத்துக் குழந்தைகள்.

தாம்பரம்வாசகி

அனைவரின் அறிவுரைப்படியும் பிளம்பரை அழைத்து ஒரு சோதனை செய்தோம். சமையலறை, இரண்டு குளியலறை ஆகிய மூன்று வால்வுகளையும் மூடிவிட்டு, கீழே வந்து குழாய்களைத் திறந்தோம். சமையலறைக் குழாயில் முதலில் சற்று ஓடி, பிறகு நூல்போல் வந்துகொண்டே இருக்கிறது, முழுவதும் நிற்கவில்லை. இரு குளியலறைகளிலும் வாஷ்பேசின் குழாய் நின்றுவிட்டது. ஆனால் ஷவர் மிக்ஸரில் தண்ணீர் குறையாமல் வருகிறது. பிளம்பர் மிக்ஸரையே மாற்ற வேண்டும் என்கிறார். அதில்தான் எனக்குத் தயக்கம்.

கோவைக்கதிர்

மிக்ஸரில் வருவது சோலார் தண்ணீர் அம்மா. குளிர்நீர் வால்வுகளை மூடிவிட்டீர்கள். ஆனால் தொட்டியிலிருந்து சோலார் கலத்துக்கும், அங்கிருந்து வெந்நீர்க் குழாய் வழியாக மிக்ஸருக்கும் பாதை திறந்தே இருக்கிறது. மிக்ஸரின் பிடியைக் குளிர்நீர்ப் பக்கம் முழுவதும் திருப்பிப் பாருங்கள், நிற்கும். வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் மீண்டும் வரும். மிக்ஸரை மாற்ற வேண்டாம். சோலார் கலத்திலிருந்து வெளியேறும் குழாயில் வால்வு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். சூடு போகாமலிருக்கக் கறுப்பு நிறப் பஞ்சுறை சுற்றியிருப்பதால் பல வீடுகளில் அது உறைக்குள் மறைந்திருக்கும். இல்லையென்றால் புதிதாக ஒன்று போட்டாக வேண்டும். அதுவும் வெந்நீரைத் தாங்கும் பித்தளை வால்வாக இருக்க வேண்டும், சாதாரண பி.வி.சி. கூடாது.

மேற்பார்வைப் பொறியாளர்

சமையலறைக் குழாயைப் பற்றி: உங்களுடையது பழைய கேட் வால்வாக இருந்தால், அதன் தகடு அமரும் பள்ளத்தில் உப்பும் மண்ணும் படிந்திருக்கும். இரண்டு மூன்று முறை முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள்; ஓட்டத்தில் அழுக்கு அடித்துச் செல்லப்பட்டு, சில சமயம் நன்றாக மூடிக்கொள்ளும். அப்படியும் நூல்போல் வந்தால் குறடு போட்டு இறுக்க வேண்டாம், தண்டுதான் முறியும். பித்தளை பால் வால்வாக மாற்றிவிடுங்கள். கால் சுற்றில் மூடிவிடும்; பிடி குழாயின் திசையில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல் என்று யாருக்கும் பார்த்தவுடன் தெரியும். மாற்றுவதற்குத் தொட்டியை எப்படியும் காலி செய்தாக வேண்டும். அந்தச் சமயத்திலேயே தொட்டியைக் கழுவியும் விடலாம்.

நூல்போன்ற ஒழுக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் ஆகும். நீங்கள் இல்லாத காலம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் அறுநூறு லிட்டரைத் தாண்டும். சிங்க்கில் விழுந்தால் வீண். அலமாரிக்குள் விழுந்தால் மரமெல்லாம் போய்விடும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு வால்வின் அருகிலும் தொட்டிச் சுவரில் பெயின்டால் பெயர் எழுதிவிடுங்கள். சோலாருக்குச் செல்லும் வால்வின் மேல் "மூடக் கூடாது" என்று தனியாக எழுதுங்கள். சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு அம்மாவையும் ஒரு முறை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள். வால்வுகளை மூடிய பிறகு குழாய்களில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடியவிட்டு, எல்லாக் குழாய்களையும் திரும்பவும் மூடிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஒன்றைத் திறந்தபடி விட்டு, மார்ச்சில் வேறு யாராவது வால்வைத் திறந்தால் அன்றைக்கு வெள்ளம் வரும்.

தாம்பரம்வாசகி

கோவைக்கதிர் ஐயா சொன்னதுபோலவே பஞ்சுறைக்குள் வால்வு இருந்தது. மூடியவுடன் இரு ஷவர்களும் நின்றுவிட்டன. சமையலறை வால்வைப் பித்தளையில் மாற்றிவிட்டோம். சம்ப் மூடியைச் சுற்றி இரண்டு வரிசைச் செங்கல் கட்டும் வேலையும் நடக்கிறது. திரும்பி வந்த பிறகு எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால் தாளில் எழுதி ஒட்டிவிடுவேன். நீண்ட பயணக் களைப்பில் எதுவும் நினைவிருக்காது.

சுகாதாரப் பணி ஓய்வு

மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கவோ, சமைக்கவோ, அதில் குளிக்கவோ வேண்டாம். மாடித் தொட்டியிலுள்ள பழைய நீரை முழுவதும் வெளியேற்றிக் கழுவி, புதிதாக நிரப்புங்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரக்கூடும். அது நுண்திவலை வழியாக மூச்சில் சென்று நுரையீரலைத் தாக்கும். ஆகவே ஷவரையும் ஹெல்த் ஃபாசெட்டையும் முதன்முறை திறக்கும்போது சன்னலைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, சில நிமிடம் ஓடவிடுங்கள். ஆர்.ஓ. கருவியில் சேரும் முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். மகளும் பிறகு குழந்தையோடு வருவதாக இருந்தால் இதில் சிறிதும் அலட்சியம் வேண்டாம்.

கோவைக்கதிர்

தொட்டியைக் கழுவி நிரப்பும் வேலையைச் சோலார் உள்ளவர்கள் அதிகாலையிலோ, பொழுது சாய்ந்து குழல்கள் ஆறிய பிறகோ செய்ய வேண்டும். அது முடிந்த பிறகே தார்ப்பாயை எடுக்கலாம்.

மேற்பார்வைப் பொறியாளர்

வால்வுகளை ஒவ்வொன்றாக, மெதுவாகத் திறக்க வேண்டும். முதலில் தரைத்தளத்தில் அந்தக் குழாய்வழியின் கடைசிக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, மாடியில் வால்வைப் பாதியளவு திறந்தால் உள்ளிருக்கும் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் சீராக வந்த பிறகு முழுவதும் திறக்கலாம். ஒரேயடியாகத் திறந்தால் காற்று அடைத்துக்கொண்டு சில குழாய்களில் தண்ணீரே வராது. மின்சார கீசர் இருந்தால், அதன் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றி ஓடுவதைக் கண்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள். உள்ளே நீரில்லாமல் போட்டால் அதன் சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துவிடும்.

எல்லாம் திறந்த அன்றிரவு தானியங்கிக் கருவியை இணைக்க வேண்டாம். படுக்கப் போகும் முன் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, இரவு யாரும் தண்ணீர் எடுக்காமல் இருந்து, காலையில் மட்டத்தைப் பாருங்கள். கோட்டிலேயே நின்றிருந்தால் எம்.சி.பி.யை ஏற்றிக் கருவியைத் தானியங்கி நிலைக்கு மாற்றலாம். குறைந்திருந்தால் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்த வழியில் குறைகிறது என்று கண்டுபிடித்த பிறகே மாற்ற வேண்டும்.